செம்பில் வெட்டிய பெயர்

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறி நின்று பல வருடங்களாகிவிட்டன. 2019இல் அப்பா இறந்த பிறகு, தறிக்குழியை மூடித் தரை போடுவதற்காக அந்த அறையை ஒழித்தோம். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. முன்பக்கங்களில் பட்டு எடை, ஜரிகைக் கணக்கு, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்ற விவரங்கள். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பிரித்தால் எங்கள் குடும்ப வம்சாவளி.

எட்டுத் தலைமுறை ஆண்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொருவருக்கும் கீழே மகன்களின் பெயர்கள். அவற்றின் பக்கத்தில் சின்ன எழுத்தில் "பெண் 2", "பெண் 4", "பெண் 1" என்று எண்ணிக்கை. மனைவிமார் யாரும் இல்லை. எட்டுத் தலைமுறையும் ஆணிலிருந்து ஆண் பிறந்தே வந்திருப்பதாக அந்தப் பக்கம் சொன்னது.

தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அவருடைய அப்பா தெலுங்கில் எழுதிவைத்திருந்ததைத் தமிழில் பெயர்த்து எழுதினார், அவ்வளவுதான். அவருடைய அப்பாவுக்கு வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள். தங்களுக்கு எது தேவையோ அதை எழுதினார்கள். எங்கள் முன்னோரைத் தேடும் வேலையை நான் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கினேன். அது எங்கே போய் முடியும் என்று அப்போது தெரியாது.

*

நாங்கள் சௌராஷ்டிரர்கள். மற்றவர்கள் வாயில் பட்டுநூல்காரர். மதுரை, சேலம், கும்பகோணம், பரமக்குடி, காஞ்சிபுரம், வாலாஜாபேட்டை, ஆரணி என்று நெசவு இருக்கும் ஊர்களில் எல்லாம் இருக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. குஜராத்தி, மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று அந்த மொழிக்குள் அடுக்கடுக்காகச் சொற்கள் உள்ளன. கடந்துவந்த ஊர்களையெல்லாம் மொழி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

வந்த வழியைச் சொல்லும் கதை எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். குஜராத்தின் சோமநாதத்தில் தொடங்கும். 11ஆம் நூற்றாண்டில் கஜினி முகமது படையெடுப்பு, பிறகு தேவகிரி, பிறகு விஜயநகரம், விஜயநகரம் சரிந்தபின் நாயக்கர்களின் தமிழ்நாடு. நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் கேள்வியும் பதிலுமாக இந்தப் பயணத்தைச் சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. இன்று அதை நூல்களில்தான் பார்க்க முடிகிறது.

இதைவிடப் பழைய சாட்சி ஒன்றைச் சமூகத்தார் பெருமையுடன் எடுத்துக்காட்டுவார்கள். மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் உள்ள கல்வெட்டு. தெற்கு குஜராத்தில் இருந்த லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரம் என்ற அந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது. கி.பி. 436 வாக்கில் சூரியனுக்குக் கோயில் கட்டியது, 473 வாக்கில் அதைப் பழுதுபார்த்தது. வத்சபட்டி என்ற கவிஞர் இதைச் சமஸ்கிருதப் பாடலாக எழுதினார். அந்த நெசவாளர்கள் யாருக்கும் பயந்து ஓடிவரவில்லை. தசபுரத்து அரசர்களின் பெயர் கேட்டு, பிழைப்பு தேடி வந்தார்கள். வந்தபின் சிலர் நெசவிலேயே நின்றார்கள், சிலர் வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் கதைசொல்லவும் போனார்கள். அந்தக் குழுவுக்கும் ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் தறி போட்டவர்களுக்கும் நடுவில் கண்ணி கண்ணியாகக் கோக்க ஆவணம் கிடையாது. ஆனாலும் இந்தியாவில் நெசவாளர்களின் புலம்பெயர்வைச் சொல்லும் எழுத்துகளில் இவ்வளவு பழையது அரிது.

அந்தக் கல்வெட்டில் பெண் வருகிறாளா என்று தேடிப் பார்த்தேன். வருகிறாள். இளமையும் அழகும் நகையும் பூவும் வெற்றிலையும் இருந்தாலும் பட்டு உடுத்தாமல் அவள் காதலனைப் பார்க்கப் போகமாட்டாள் என்ற பொருளில் ஒரு செய்யுள் இருக்கிறது. நெசவாளர்கள் தங்கள் சரக்குக்குக் கொடுத்த விளம்பரம் என்றே அதைச் சொல்லலாம். பட்டைக் கட்டிக்கொள்கிறவளாக அவள் கல்லில் இருக்கிறாள். நூலை இழைத்தவளாகவோ, லாட நாட்டிலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவளாகவோ இல்லை.

*

அடுத்த பெரிய ஆவணம் மதுரையில். ராணி மங்கம்மாள் ஆட்சிக் காலத்தில் (1689–1706) பட்டுநூல்காரர்கள் ஆவணி அவிட்டத்தில் பூணூல் மாற்றும் சடங்கைச் செய்தார்கள். அது பிராமணருக்கு மட்டுமே உரியது என்று புகார் எழுந்து, 18 பேரைப் பிடித்து வைத்தார்கள். ராணி சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கூட்டி விசாரித்து, சடங்கு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று ஓலையில் தீர்ப்பு எழுதிக் கொடுத்தார். அந்த ஓலையைச் சமூகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றி வைத்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் கணக்கெடுப்பு அதிகாரிகளிடமும் அதைக் காட்டித்தான் வாதாடியது.

ஒரு பெண்ணின் அதிகாரத்தில் பிறந்த ஓலை அது. ஆனால் அது பேசுவது ஆண்களின் தோளில் கிடக்கும் நூலைப் பற்றி. பூணூல் உரிமை கிடைத்த வீடுகளில் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் கட்டுப்பாடுதான். 1993இல் உமா சக்ரவர்த்தி பிராமணியத் தந்தைவழி அமைப்பு என்பதை விளக்கி எழுதிய கட்டுரையில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: சாதியின் தூய்மை பெண்ணின் உடலைக் காவல் காப்பதில் நிற்கிறது. எங்கள் குடும்ப நோட்டின் அமைப்பும் அதே கணக்குதான். கோத்திரம் ஆண்வழியில் தொடர வேண்டும். அதைத் தொடரச் செய்கிறவள் கல்யாணத்தன்று கோத்திரம் மாறிவிடுகிறாள். பிறந்த வீட்டு வரிசையில் அவள் "பெண் 1". புகுந்த வீட்டு வரிசையில் அதுவும் இல்லை.

சடங்கு மட்டும் ஓரளவு நினைவு வைத்திருக்கிறது. தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தாவோடு அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, தாத்தாவைப் பெற்ற பாட்டி என்று பெண்களின் பெயரையும் சொல்லி எள்ளும் நீரும் விட வேண்டும். தாய்வழியிலும் மூன்று தலைமுறை உண்டு. அப்பா அமாவாசைதோறும் அந்தப் பெயர்களைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது மூன்று இடம் மட்டுமே உள்ள பட்டியல். வீட்டில் ஒருவர் இறந்தால் புதிய பெயர் உள்ளே வரும், மேலே இருந்த பெயர் வெளியே போகும். வெளியே போன ஆணின் பெயர் நோட்டில் இருக்கும். வெளியே போன பெண்ணின் பெயருக்குப் போக வேறு இடம் கிடையாது.

*

சரி, அரசாங்க ஆவணங்களில் தேடலாம் என்று புறப்பட்டேன். ஆரணிக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஆரணி இருந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகர். சித்தூர் தனி மாவட்டமானதும் வேலூருக்கு மாறியது. 1989இல் மாவட்டம் பிரிந்து ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் வந்தது. இதற்கு மேல் ஆரணி ஒரு ஜாகீர். மராத்தி பேசும் ஜாகீர்தார்களின் அரண்மனை பக்கத்துச் சத்திய விஜய நகரத்தில் இன்றும் நிற்கிறது. 1751 டிசம்பரில் கிளைவின் படை ராசா சாகிபின் படையை ஆரணியில் தோற்கடித்தது புத்தகங்களில் தேதியோடு இருக்கிறது. போர் நடந்த நாளைச் சொல்ல முடிகிற ஊரில் என் கொள்ளுப்பாட்டி இறந்த நாளைச் சொல்ல முடியவில்லை.

மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் சட்டம் வந்தது. பழைய பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அப்பா பெயர், ஊர், தொழில் இருக்கும். குழந்தைக்கு நேராகப் பெரும்பாலும் "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டுமே இருக்கும். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். ஆண்பிள்ளைக்குப் பின்னால் பள்ளிக்கூடச் சான்றிதழும் நிலப் பத்திரமும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையும் வந்து அந்தக் காலி இடத்தை நிரப்பிவிடும். பெண்பிள்ளைக்கு அவை எதுவும் வராது.

இது எங்கள் ஊர்க் குறை மட்டும் அல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு (1951–52) வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே பதிந்துகொண்டார்கள். பெயர் இல்லாமல் பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில்தான் இது அதிகம். பெயர் எழுதும் கட்டம் இருந்தும், அதில் தன் பெயரைச் சொல்லலாம் என்று அந்தப் பெண்களுக்கு அதுவரை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தறியிலும் இதே கதை. பட்டை இழைப்பது, தார் சுற்றுவது, விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது அறுந்த இழையைப் பிணைப்பது, கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பது எல்லாம் எங்கள் வீட்டில் பெண்கள் செய்த வேலை. தாத்தாவின் கணக்கு நோட்டில் கூலி வரவு அவர் பெயரில்தான் இருக்கிறது. பாட்டி செய்தது வேலை இல்லை, "கூடமாட ஒத்தாசை." 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டின் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் ஏறக்குறைய 72 சதவீதம் பேர் பெண்கள் என்று சொன்னது. வீடு வீடாகப் போய், நீ என்ன வேலை செய்கிறாய் என்று பெண்ணிடம் நேரடியாகக் கேட்டால் வரும் எண் இது. தாத்தாவின் நோட்டு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

*

நோட்டைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் போனேன். அப்பாவின் அக்கா. எண்பது தாண்டிவிட்டது. கல்யாணமாகி ஆரணியிலேயே இரண்டு தெரு தள்ளி வந்தவள். நாங்கள் சௌராஷ்டிரத்தில்தான் பேசிக்கொள்வோம், அதைத் தமிழில் எழுதுகிறேன்.

நோட்டைப் பார்த்ததும், "என் பேர் இருக்கா?" என்று கேட்டாள். தாத்தாவின் பெயருக்குக் கீழே காட்டினேன். அப்பாவின் பெயர், சித்தப்பாவின் பெயர், பக்கத்தில் "பெண் 2".

அத்தை சிரித்தாள். "என் பேரை முழுசா ஒரே ஒரு இடத்துலதான் எழுதியிருக்காங்க. பத்திரத்துல."

அவள் சொன்னது விடுதலைப் பத்திரம். தாத்தா 1991இல் உயில் எழுதாமல் இறந்தார். வீடு அவர் சம்பாதித்து வாங்கியது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் உரிமை என்று தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது 1989இல். அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுவதற்கும் அந்த உரிமை 2005இல்தான் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு 1956 சட்டமே போதும். அதனால்தான் அத்தைகள் இருவரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்களுடைய பெயர், அப்பா பெயர், கணவர் பெயர், வயது, கதவு எண் எல்லாம் முத்திரைத்தாளில் ஏறின. பாத்தியதை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார்களாம்.

பெண்களின் பெயரைத் தேடுகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: விடுதலைப் பத்திரங்களைப் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டால் ஆவண எண் கிடைக்கும், அதை வைத்து நகல் எடுக்கலாம். மகள்கள், பேத்திகள், விதவை மருமகள்கள் எல்லோரும் அங்கே வரிசையாக இருப்பார்கள். சொத்தை விட்டுக்கொடுக்கும் நேரத்தில் மட்டும் சட்டத்துக்கு அவர்களுடைய முழுப்பெயர் தேவைப்பட்டது.

நான் கேட்காமல் இருந்த ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். அந்த வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனில்தான் நான் கல்லூரி படித்தேன். பெண்கள் வரலாற்றை எழுதுவதற்கு நான் கற்ற படிப்பில் அத்தையின் பங்கு இருக்கிறது. அவளிடம் அதைச் சொன்னபோது, "தெரியும். அதனாலதான் நீ கேட்டா உட்கார்ந்து சொல்றேன்" என்றாள்.

*

அத்தையிடம் வம்சாவளியைக் கேட்டால் தாத்தா மாதிரி மேலிருந்து கீழே சொல்லவில்லை. பாத்திரம் பாத்திரமாகச் சொன்னாள். இந்த அண்டா அம்மா காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுவந்தது. அந்தக் குடம் பாட்டியுடையது. இந்தத் தாம்பாளம் சேலத்துச் சித்தி கொடுத்தது.

சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. பாத்திரக் கடையிலேயே ஒருவர் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பார். பெண்ணின் பெயர், சில சமயம் ஊர், சில சமயம் தேதி. விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால் ஒரு பெண் எங்கிருந்து எந்த வீட்டுக்கு வந்தாள் என்று அவள் பெயரிலேயே சொல்லும் எழுத்து பல குடும்பங்களில் அது ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பாத்திரங்களை வரைபடத்தில் வைத்தால் காஞ்சிபுரம், வாலாஜா, சேலம், கும்பகோணம் என்று கோடுகள் போகும். எங்கள் ஆண்கள் தறிக்குழியில் கால் வைத்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் பெண்கள். புலம்பெயர்ந்த முன்னோர் என்று நோட்டில் உள்ள எட்டுப் பேரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர்களில் பெரும்பாலோர் ஆரணியிலேயே பிறந்து ஆரணியிலேயே இறந்தவர்கள்.

இந்த ஆவணம் நிலைப்பதும் இல்லை. வேலை இல்லாத மாதங்களில் முதலில் அடகுக்கடைக்குப் போவது நகை, அடுத்தது பித்தளை. பிறகு எவர்சில்வர் வந்தது. பழையதை எடைக்குப் போட்டுப் புதியது வாங்கினோம். எத்தனை பெயர்களை உருக்கிவிட்டோம் என்று எண்ண முடியாது.

உருக்காமல் மிஞ்சிய ஒன்று பூஜை அலமாரியில் இருந்தது. ஒரு பித்தளைச் செம்பு. அது பூவாடைக்காரியின் செம்பு.

எங்கள் பக்கத்தில் பல சாதியினரிடமும் இந்த வழிபாடு உண்டு. குடும்பத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னாலும் ஆடியிலும் செம்பில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, புதுப்புடவை சாத்திப் படைப்போம். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். அவள் யார் என்று சின்ன வயதில் கேட்டால், "நம்ம வீட்டுச் சாமி" என்பார்கள்.

செம்பின் கழுத்துக்குக் கீழே தேய்ந்த கோடுகள் தெரிந்தன. பூவேலை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எழுத்து. தமிழ் இல்லை. படம் எடுத்துச் சித்தூர்க்காரத் தோழிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: தெலுங்கு எழுத்து, ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் "வாலாஜா".

வாலாஜாபேட்டைச் சௌராஷ்டிரர்களிடம் அந்நாளில் தெலுங்கு எழுத்து புழங்கியது. தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் குருவின் கிருதிகளை எழுதிக் காத்த ஓலைகளும் நோட்டுகளும் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருப்பது இசை வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்தை அச்சில் நிலைநாட்ட மதுரையில் தொ.மு. இராமராய் (1852–1913) வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். அந்த எழுத்து 2008இல் யூனிகோடிலும் ஏறியது. ஆனால் பேச்சுக்கு ஒரு மொழியும் எழுத்துக்கு ஊருக்கு ஒரு மொழியும் என்றுதான் பெரும்பாலோர் வாழ்ந்தார்கள். ஒரு தலைமுறை தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறியபோது தாத்தா நோட்டைப் பெயர்த்து எழுதினார். செம்பைப் பெயர்த்து எழுத யாரும் நினைக்கவில்லை.

அத்தையிடம் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது மூத்தாள்" என்றாள்.

கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு கல்யாணம். முதல் மனைவி வாலாஜாவிலிருந்து வந்தவள், பதினாறு பதினேழு வயதில் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தை பிழைத்தது, பெண். பிறகு இரண்டாம் தாரமாக வந்தவள்தான் எங்கள் கொள்ளுப்பாட்டி. மூத்தாளின் செம்பை வைத்துப் படைக்கத் தொடங்கியவளும் அவள்தான். "பாட்டி அவளைப் பேர் சொல்ல மாட்டா. மூத்தாளைப் பேர் சொல்லக் கூடாதுன்னு. அதனால எங்களுக்கும் தெரியாமப் போச்சு" என்றாள் அத்தை.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அந்தச் செம்பை ஆடி தவறாமல் தேய்த்தவர்களுக்கு எந்த எழுத்தும் தெரியாது. தெலுங்கு வாசிக்கத் தெரிந்த கொள்ளுத்தாத்தா பாத்திரம் தேய்க்கவில்லை. பாத்திரமும் தேய்த்து எழுத்தும் படித்த என் தலைமுறைக்குத் தெரிந்தது வேறு எழுத்து.

*

2023 ஏப்ரலில் சௌராஷ்டிரத் தமிழ்ச் சங்கமம் என்ற பெயரில் சிறப்பு ரயில்களில் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமானோர் குஜராத்துக்குப் போனார்கள். சோமநாதத்தில் கடலைப் பார்த்துக் கண்கலங்கியதாக எங்கள் உறவினர்கள் சொன்னார்கள். அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் மொழியை விடாத ஒரு சமூகத்துக்கு அது உரியது. அந்தப் பயணத்தை ஒரு படையெடுப்பின் கதையாக மட்டும் சுருக்கி, இன்றைய பகைக்கு எண்ணெய் வார்ப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மந்தசோரில் பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர்களை வாரிசுரிமை கொண்டாடுகிற நாம், இன்று பிழைப்புக்காக இடம்பெயரும் மற்றவர்களையும் சொந்தமாகத்தான் பார்க்க வேண்டும்.

சோமநாதத்துக்கு ரயில் ஏறிய எங்கள் குடும்பத்தில் யாரும் வாலாஜாவுக்குப் போகவில்லை. ஆரணியிலிருந்து ஆற்காடு வழியாக நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. நான் மூன்று முறை போய்வந்தேன். மூத்தாளின் பிறந்த வீடு எது என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. வீட்டுப் பெயர் ஒத்துப்போகும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் பேசி முடிப்பதற்குள் அவள் பெயரை அச்சில் போடுவது முறையல்ல என்பதால் இங்கே எழுதவில்லை. தாத்தாவின் நோட்டில் எழுதிவிட்டேன். கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பெயர்கள், இரண்டு ஊர்கள். அவளிடமிருந்து நான் பிறக்கவில்லை. ரத்தக் கணக்குப்படி அவள் என் முன்னோர் அல்ல. ஆனால் இந்த வீட்டுக்கு வந்து இந்த வீட்டுக்குப் பிள்ளை பெற்றுச் செத்தவளை நோட்டில் சேர்க்காமல் விட எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

மற்ற பெயர்களையும் அத்தை சொல்லச் சொல்லச் சேர்த்தேன். எட்டுத் தலைமுறையில் நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் அத்தைக்கும் தெரியவில்லை. "பெண் 2" என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரையும் தங்கையின் பெயரையும் அத்தையே எழுதினாள். ஐந்தாவது வரை படித்த கையெழுத்து, கொஞ்சம் நடுங்கியது.

போன ஆடியில் படைத்தபோது அத்தை முதல்முறையாக மூத்தாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. கூப்பிட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூத்தாள் பெற்ற மகள் மட்டும் இன்னும் "பெண் 1" ஆகவே இருக்கிறாள். சேலத்துப் பக்கம் கட்டிக் கொடுத்ததாக அத்தைக்கு நினைவு. அம்மாபேட்டையாக இருக்கலாம் என்கிறாள். அம்மா இல்லாமல் வளர்ந்து, சேலம் போன அந்தப் பெண்ணோடு ஒரு குடமோ அண்டாவோ போயிருக்கும். அதில் பெயர் வெட்டியிருக்கும். சேலத்தில் யார் வீட்டிலாவது "ஆரணி" என்று தெலுங்கிலோ தமிழிலோ வெட்டிய பழைய பித்தளைப் பாத்திரம் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை வெயிலில் பிடித்துப் படித்துப் பாருங்கள்.